குடமின்னோடி: ‘ஹப் மோட்டார்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மின்மிதிவண்டியைப் பற்றித் தமிழில் எழுத முற்படுபவர் முதலில் இடறும் சொல், சக்கரத்தின் நடுவுறுப்பிலேயே அமரும் மோட்டாரைக் குறிக்கும் ‘ஹப் மோட்டார்’. கடைகளில் அதை அப்படியே சொல்லிவிடுகிறார்கள். சிலர் ‘வீல் மோட்டார்’ என்பார்கள். எழுத்தில்தான் ‘மைய மோட்டார்’ என்னும் மொழிபெயர்ப்பு தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. அண்மையில் என் கைக்கு வந்த ஒரு விளக்கத்தாளில், பின்சக்கரத்துக்குள் அமரும் மோட்டாரை ‘மைய மோட்டார்’ என்றும், நான்கு வரி தள்ளி, பெடல் அச்சில் அமரும் மோட்டாரை ‘நடு மோட்டார்’ என்றும் எழுதியிருந்தார்கள். இவை இரண்டும் வெவ்வேறு இனம். விலை வேறு, பொருத்தும் இடம் வேறு, பழுதாகும் விதமும் வேறு. தமிழ் காதுக்கோ மையமும் நடுவும் ஒன்றுதான். வேறுபடுத்திக் காட்ட வேண்டிய இடத்திலேயே இந்த மொழிபெயர்ப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பதை அறிய ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைக் கொஞ்சம் கிளற வேண்டும். ‘ஹப்’ ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து பதிவாகியுள்ள சொல். அடுப்பங்கரையின் பக்கத் திட்டைக் குறிக்கும் ‘ஹாப்’ என்பதன் வட்டார வடிவமாக அது இருக்கக்கூடும் என்று சொற்பிறப்பு அகராதிகள் கருதுகின்றன. நெடுங்காலம் அது வண்டிச்சக்கரம் செய்யும் தச்சரின் பட்டறைச் சொல்லாகவே கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் பொதுவழக்குக்கு வந்தது, அதைப் பரப்பியதில் மிதிவண்டிக்குப் பெரும் பங்கு உண்டு. இதற்கிடையில் 1858இல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர், பாஸ்டன் நகரத்து அரசு மாளிகைதான் சூரிய மண்டலத்துக்கே ‘ஹப்’ என்று அந்நகரத்தார் எண்ணிக்கொள்வதாகக் கேலி செய்து எழுதினார். ‘எல்லாம் வந்து கூடும் இடம்’ என்னும் உருவகப் பொருள் அதன்பின் வேர்விட்டது. கணினி வலையமைப்பின் ஹப், விமானப் போக்குவரத்தின் ஹப் எல்லாம் அந்த உருவகத்தின் பிள்ளைகள். அவற்றை ‘மையம்’ என்று தமிழாக்குவதில் தவறில்லை. மிதிவண்டியின் ஹப் உருவகம் அன்று; கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சக்கர உறுப்பு. உருவகத்துக்குப் பொருந்தும் தமிழை உறுப்பின் தலையில் ஏற்றியதே விளக்கத்தாளின் குழப்பத்துக்குக் காரணம்.

பிற மொழிகள் அந்த உறுப்பை எப்படிப் பார்த்தன என்பது சுவையானது. ‘ஹப்’ வருவதற்கு முன் ஆங்கிலத்தில் வழங்கிய சொல் ‘நேவ்’. அது தொப்புளைக் குறிக்கும் ‘நேவல்’ என்பதோடு உறவுடையது. ஜெர்மன் மொழி அந்தப் பழைய சொல்லை விடாமல் ‘நாபே’ என்று வைத்திருப்பதால், இந்த மோட்டாருக்கு அங்கே ‘நாபென்மோட்டார்’ என்று பெயர். வடமொழியின் ‘நாபி’யும் தொப்புள், சக்கரத்தின் நடுவுறுப்பு ஆகிய இரண்டையும் குறிக்கும். இவர்கள் அனைவரும் சக்கரத்தை ஓர் உடலாகக் கண்டவர்கள். பிரெஞ்சுக்காரர் வழி வேறு. அவர்களுடைய ‘முவாயே’ என்னும் சொல், சிறு கலம் அல்லது சிறு அளவைப் பாத்திரம் என்று பொருள்படும் ‘மொடியோலுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மரத்தில் கடைந்தெடுத்த அந்த உறுப்பின் வடிவத்தைக் கண்டு, பாத்திரத்தின் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள்.

தமிழ்த் தச்சரும் அதையேதான் செய்தார். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில், ஆரக்கால்கள் வந்து செருகப்படும் பருத்த மரத்துண்டுக்குக் ‘குடம்’ என்று பெயர். வயிறு பருத்து, இரு வாயும் ஒடுங்கி, நடுவில் துளையோடு இருக்கும் அதைப் படுக்கவைத்த குடம் என்று சொல்ல எவரும் தயங்கமாட்டார். வண்டிப் பட்டறையில் குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப் பட்டா, அச்சு, கடையாணி என்பவை ஒரே குடும்பத்துச் சொற்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் குடம் என்பதற்கு வண்டிக்குடம் என்னும் பொருளைத் தருகிறது. வேலமரத்துக் கட்டையைக் கடைந்து குடம் இறக்கும் தச்சர் இன்று அருகிவிட்டாலும், வண்டி வைத்திருக்கும் ஊர்களில் சொல் இன்னும் உயிரோடிருக்கிறது.

இதற்கு இன்னும் பழைய பெயர் ஒன்றும் உண்டு: குறடு. சிறுபாணாற்றுப்படையில், பாணனுக்குப் பரிசாகக் கொடுக்கப்படும் தேரைச் சொல்லும் இடத்தில், கூரிய உளி செதுக்கிய குறடும், அதைச் சூழ்ந்த ஆரமும், இரும்பு விளிம்புடைய நேமியும் அடுத்தடுத்து வருகின்றன. குறடு, ஆர், நேமி என்னும் மூன்று சொற்களில் ஒரு சக்கரம் முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆயினும் ‘குறட்டு மின்னோடி’ என்று இன்று எழுதினால், கம்பியைப் பிடித்து முறுக்கும் குறடு மோட்டாரால் ஓடுகிறதோ என்றே வாசகர் நினைப்பார். பழமைக்காக ஒரு சொல்லை எடுத்து விளக்கத்துக்கு அடிக்குறிப்புப் போடுவதைவிட, வழக்கில் உள்ள குடத்தை எடுப்பதே நல்லது.

குடம் என்னும் சொல் வடிவத்தால் மட்டுமல்லாமல் இயக்கத்தாலும் பொருந்துகிறது என்பதே என் முதன்மை வாதம். தொடர்வண்டியில் அச்சும் சக்கரமும் சேர்ந்து சுழலும். மாட்டுவண்டியில் அப்படியில்லை, அச்சு அசையாமல் நிற்க, அதைச் சுற்றிக் குடம் சுழலும். ஹப் மோட்டாரும் இந்த மாட்டுவண்டி முறையிலேயே அமைந்தது. கியர் இல்லாத மோட்டார் ஒன்றின் பக்கமூடியைக் கழற்றிப் பார்த்தால், நடுவில் அச்சோடு இறுகப் பிணைந்த இரும்புத் தகட்டடுக்கும் அதன் பற்களில் சுற்றிய செப்புக்கம்பியும் தெரியும். பரவலாக விற்கும் ஒரு வகையில் இந்தத் தகட்டடுக்கின் விட்டம் ஏறத்தாழ 205 மி.மீ.; அதில் 51 பற்கள் இருக்கும். வெளிக்கூட்டின் உட்புறத்தில் 46 காந்தங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். செப்புச்சுற்று நிற்கும், காந்தக்கூடு சுழலும், ஸ்போக்ஸ் கம்பிகள் அந்தக் கூட்டின் விளிம்புத் துளைகளில்தான் கோக்கப்படுகின்றன. ஆகவே மோட்டாரின் வெளிக்கூடே குடம். குடத்துக்குள் மோட்டார் இருக்கிறது என்பதைவிடக் குடமே மோட்டாராகிவிட்டது என்பது சரி. இதனால், சிலர் முன்வைக்கும் ‘அச்சு மோட்டார்’ என்பதும் தள்ளுபடியாகிறது; இதில் அச்சு ஓடவே கூடாத உறுப்பு.

இந்த அமைப்பு புதிதன்று. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரைச் சேர்ந்த ஆக்டன் போல்ட்டன் என்பவர் 1895 டிசம்பர் 31ஆம் நாள் பெற்ற காப்புரிமையில், பின்சக்கரக் குடத்திலேயே மோட்டாரும், சட்டத்தின் முக்கோணத்தில் தொங்கும் பேட்டரியும் கொண்ட மிதிவண்டி வரையப்பட்டிருக்கிறது. 10 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை எடுக்கும் மோட்டார் அது. இரண்டே ஆண்டுகளில், 1897இல், பாஸ்டன் நகரத்து ஹோசியா லிப்பி என்பவர் பெடல் அச்சில் இரட்டை மோட்டார் வைக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதாவது, குடமா பெடல் அச்சா என்னும் இன்றைய வழக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வடிவமைப்பில் லோனர் நிறுவனம் வைத்த காரின் முன்சக்கரங்களில் குடமோட்டார்கள் இருந்தன. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் நிலவின் தரையில் ஓடிய ஊர்தியின் 4 சக்கரங்களிலும் தனித்தனி மோட்டார் இருந்தது. ஒவ்வொன்றும் கால் குதிரைத்திறன்தான். மிதிவண்டிக்கு இது மீண்டும் வந்து சேர, 1980களில் சந்தைக்கு வந்த நியோடிமியக் காந்தங்களும், அதற்குப் பின் மலிந்த லித்தியம் பேட்டரிகளும் தேவைப்பட்டன.

இனி ‘மோட்டார்’. அசைப்பது, இயக்குவது என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. தமிழில் அதற்கு மின்னோடி, மின்னியக்கி என்று இரண்டு ஆக்கங்கள் உலவுகின்றன. இயக்குவதுதானே மோட்டாரின் வேலை, அதனால் இயக்கி என்பதே இலக்கணப்படி செம்மை என்பார் உண்டு. இருப்பினும் நம் பேச்சில் மோட்டார் ‘ஓடுகிறது’; கிணற்றடியில் நிற்பவரும் ‘மோட்டார் ஓடுதா?’ என்றுதான் கேட்பார். மேலும், மின்மிதிவண்டியில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி ஒன்று இருக்கிறது. இயக்கி என்னும் சொல்லை அதற்கு விட்டுவைப்பது பின்னால் உதவும். எனவே மின்னோடி.

குடமும் மின்னோடியும் சேர்ந்தால் இறுதி மகரம் கெட்டுக் ‘குடமின்னோடி’ என்றாகும். ‘குடமோட்டார்’ என்றும் எழுதலாம், ஆனால் அதில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறது: மோட்டார் போட்டால் குடம் நிறையும் வீடுகளில் வளர்ந்த நமக்கு அது தண்ணீர்ப் பம்பின் பெயராகவே கேட்கும். கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘சக்கரக்குட மின்னோடி’ என்று விரித்துச் சொல்லி, பிறகு குடமின்னோடி என்று சுருக்கிக்கொண்டால் அந்தச் சிக்கல் தீரும்.

அடைமொழிதான் இதைவிடச் சிக்கலானது. ‘ஹை பவர்’ என்பதை நம்மவர் ‘உயர்திறன்’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பவர் என்பது திறன்; அது சரி. ஆனால் பேச்சிலும் விளம்பரத்திலும் திறன் என்றால் திறமை, சிக்கனம், செயல்திறன் என்றெல்லாம் விரிகிறது. ‘உயர்திறன் மோட்டார்’ என்று படித்தவர், குறைந்த மின்சாரத்தில் கூடுதல் தொலைவு ஓடும் மோட்டார் என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. உண்மையில் அது பேட்டரியை விரைவாகக் குடிக்கும் மோட்டார். இலங்கைப் பாடநூல்கள் இந்த இடத்தில் தெளிவாக இருக்கின்றன: அங்கே பவர் என்பது ‘வலு’, செலவுக்கேற்ற பயன் என்பது ‘வினைத்திறன்’. இந்தச் சொல்லை இலங்கையிலிருந்து கடன் வாங்குவதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை. ‘உயர்வலுக் குடமின்னோடி’ என்றால் பொருள் வழுவாது.

எத்தனை வாட் இருந்தால் உயர்வலு? அதை முதலில் சட்டமே தீர்மானிக்கிறது. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 30 நிமிட வலு 250 வாட்டுக்குக் குறைவாகவும் உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால்தான், எடை போன்ற பிற நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, மின்வண்டி ‘மோட்டார் வாகனம்’ என்னும் வரையறைக்கு வெளியே நிற்கும். ஐரோப்பாவிலும் தொடர்வலுவுக்கு 250 வாட் என்பதே எல்லை. அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் 750 வாட்டுக்குக் கீழ், அதாவது ஏறத்தாழ 1 குதிரைத்திறன் வரை இடம் கொடுத்தது. இந்த எல்லைகளைத் தாண்டி 1500, 3000 வாட் என்று விற்பவை உயர்வலு வகை. இந்தியச் சாலையில் அவற்றைப் பதிவின்றி ஓட்ட முடியாது. மோட்டாரின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. ஒரே மோட்டார் சில நொடிகளுக்கு 5000 வாட் தரும், அரை மணி நேரத்துக்கு அதில் பாதியைக்கூடத் தாங்காது. சட்டம் ‘30 நிமிட வலு’ என்று நேரத்தையும் சேர்த்துச் சொல்வது அதனால்தான்.

வலு கூடும்போது குடத்துக்குள் என்ன மாறுகிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனெனில் துணைச்சொற்கள் அங்கிருந்தே பிறக்கின்றன. சிறு மோட்டார்களில் உள்ளே பல்சக்கரத் தொகுதி இருக்கும். உள்மோட்டார் குடத்தைப்போல ஏறக்குறைய 5 மடங்கு வேகமாகச் சுழலும். அந்தப் பல்சக்கரங்கள் பெரும்பாலும் நைலானால் ஆனவை. உயர்வலுவை அவை தாங்கமாட்டா. எனவே உயர்வலு வகைகள் பெரும்பாலும் பல்சக்கரம் இல்லாத நேரியக்கக் குடமின்னோடிகள். அவற்றின் எடை 9, 10 கிலோ வரை போகும். செப்பில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாக ஏறுவதால், வேகமாக ஓடும்போது குளிர்ந்திருக்கும் மோட்டார், மேட்டில் மெதுவாக ஏறும்போது மின்னோட்டம் கூடிக் கொதித்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்கவேண்டியது அச்சு. 26 அங்குலச் சக்கரம் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் ஓடும்போது 3000 வாட் வலு வெளிப்பட்டால், குடத்தில் ஏறத்தாழ 79 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இருக்கும். குடத்தை முன்னோக்கித் தள்ளும் அதே முறுக்கு, அச்சைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். அந்த அச்சோ 14 மி.மீ. தடிமன், இரு பக்கமும் சீவி 10 மி.மீ. தட்டையாக்கி, ஃபோர்க்கின் பிளவில் செருகியிருப்பார்கள். ஏறத்தாழ 1 செ.மீ. நெம்புகையில் அந்த முறுக்கைத் தாங்குவதென்றால், பிளவின் உதடுகளில் 8000 நியூட்டன் அளவுக்கு விசை விழும். உதடு விரிந்து அச்சு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், அச்சின் துளை வழியாக வெளிவரும் 3 தடித்த மின்கம்பிகளும் 5 மெல்லிய உணரிக் கம்பிகளும் முறுக்கி அறுந்துவிடும். இதைத் தடுக்க, அச்சின் தட்டைப் பகுதியைக் கவ்வி வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் எஃகுத் தகடு ஒன்று பொருத்துவார்கள். ஆங்கிலத்தில் ‘டார்க் ஆர்ம்’. இதை ‘முறுக்குக் கை’ என்று எழுதுவது வெறும் சொல்லுக்குச் சொல். மாட்டுவண்டிக் குடும்பத்திலிருந்தே எடுக்கலாம் என்று ‘கடையாணி’யைப் பரிந்துரைத்தார் ஒரு நண்பர், ஆனால் கடையாணி, குடம் அச்சிலிருந்து கழன்று ஓடாமல் தடுப்பது. இங்கே தடுக்கவேண்டியது அச்சின் சுழற்சியை. மாட்டுவண்டியின் அச்சைச் சுழற்ற எதுவும் முயல்வதில்லை என்பதால் அந்தப் பட்டறையில் இதற்குச் சொல் பிறக்கவில்லை. ‘அச்சுப்பிடி’ என்று நான் எழுதிவருகிறேன்.