காரியம் முடிந்த வாரத்திலேயே கையெழுத்து வாங்காதீர்கள்

கோவையில் 24 வருடங்களாகச் சொத்து வழக்குகள் பார்க்கிறேன். வசதியான குடும்பத்தில் அப்பா இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த அதே வாரத்தில் யாராவது ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறார். அநேகமாக மூத்த மகன். கையில் ஒரு கவர், அதற்குள் இறப்புச் சான்றிதழ், பத்திர நகல்கள், எல்லோருடைய ஆதார் நகல். கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "தங்கச்சிகிட்ட ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிரலாமுங்களா?" தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் பத்திரம் அது.

அப்படி வந்த ஒருவரின் குடும்பத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அப்பா சின்ன பட்டறையில் தொடங்கி, பவுண்டரி வைத்து, பம்ப்செட்டுக்கு வார்ப்பு செய்து கொடுத்தவர். டவுனில் வாடகைக்கு விட்ட ஒரு கட்டடம், பொள்ளாச்சி பக்கம் 12 ஏக்கர் தென்னந்தோப்பு, பெரிய வீடு. மூன்று பிள்ளைகள். மூத்தவர் அப்பாவோடு பவுண்டரியில். மகள் கல்யாணமாகிச் சேலத்தில். சின்னவர் சிங்கப்பூரில். 71 வயதில் ஒரு காலை நேரத்தில் மாரடைப்பு. உயில் இல்லை.

மூத்தவரிடம், "இன்றைக்கு எழுத மாட்டேன், மூன்று மாதம் போகட்டும்" என்றேன். எழுந்துவிட்டார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பவுண்டரி அப்பா ஒருவர் பெயரில் இருந்த தனி உரிமைத் தொழில். உரிமையாளர் இறந்த தகவல் போனதும் வங்கி சிசி கணக்கை, அதாவது தொழிலுக்கு அவ்வப்போது கடன் எடுக்கும் கணக்கை, நிறுத்திவிட்டது. ஏழாம் தேதி 90 பேருக்குச் சம்பளம், ஏறக்குறைய 14 லட்சம். உலைக்குக் கோக் கரி, பழைய இரும்பு கொடுத்தவர்களுக்குப் பாக்கி. டவுன் கட்டடம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது. இதெல்லாம் சேலத்துக்கும் தெரியாது, சிங்கப்பூருக்கும் தெரியாது.

"அவங்களுக்கு அப்பான்னா ஒரு கௌரவமுங்க. கடன்காரரா போனாருன்னு நான் எப்படிச் சொல்றது?"

அதே நேரத்தில் சேலத்தில் மகள் வேறொரு வழக்கறிஞரைப் பார்த்து நோட்டீஸ் தயார் செய்துகொண்டிருந்தார். காரணம் மிகச் சின்னது. அப்பா இறந்த நான்காம் நாள் அவருடைய ஏடிஎம் கார்டில் பணம் எடுக்கப்பட்டிருந்தது. அப்பாவின் போன் அம்மாவிடம் இருந்தது. வந்த குறுஞ்செய்தியை அம்மா மகளிடம் படித்துக்காட்டியிருக்கிறார். மூத்தவர் அதைச் சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும்தான் கொடுத்தார். ஆனால் சொல்லவில்லை. சாம்பல் கரைத்த அன்றே அண்ணன் பணத்தை எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று தங்கை நினைத்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா? எனக்கு மனம் வரவில்லை.

என் அனுபவத்தில் கூடப்பிறந்தவர்கள் பிரிவது பங்கின் அளவால் இல்லை. "எனக்கு ஏன் சொல்லவில்லை" என்ற இடத்தில்தான் விரிசல் விழுகிறது. வசதியான குடும்பங்களில் இது இன்னும் மோசம். சொத்து பல இடங்களில் கிடக்கும், முழுக் கணக்கு இறந்தவர் தலைக்குள் மட்டும் இருந்திருக்கும், தொழிலில் இருக்கும் பிள்ளைக்குப் பாதி தெரியும், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர்கள் இருப்பதைவிட அதிகமாகக் கற்பனை செய்துகொள்வார்கள்.

அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இறந்தவரின் ஏடிஎம் கார்டையோ நெட்பேங்கிங்கையோ தொடாதீர்கள். பின் நம்பர் தெரிந்திருந்தாலும், நல்ல காரியத்துக்கென்றாலும். அப்பா கொடுத்த பவர் பத்திரமும் அவர் மூச்சோடு முடிந்துவிட்டது, அதை வைத்து எந்தக் கையெழுத்தும் போடக்கூடாது. காரியச் செலவை யாராவது கைப்பணத்தில் செய்துவிட்டு, ரசீதை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பிள்ளைகளையும் அம்மாவையும் அவர்கள் வீட்டிலேயே உட்கார வைத்தோம். சின்னவர் போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தார். மருமகளும் மருமகனும் முதல் பேச்சில் வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இல்லை. அவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் கணவனாகவும் மனைவியாகவும் பேசுவார்கள். அன்றைக்கு அவர்கள் அண்ணன், தங்கை, தம்பியாகப் பேச வேண்டியிருந்தது.

சொத்துப் பட்டியலுக்கு முன்னால் கடன் பட்டியலைப் படிக்கச் சொன்னேன். மூத்தவர் படித்தார். வங்கிக் கடன், கைமாற்று, சரக்குப் பாக்கி. சட்டப்படி வாரிசுகள், தங்களுக்கு வந்து சேரும் சொத்தின் அளவுக்குத்தான் அப்பாவின் கடனுக்குப் பொறுப்பு. அதைத் தாண்டி அவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை யாரும் தொட முடியாது. ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கதை வேறு. வங்கிக் காகிதத்தைப் புரட்டிய மகள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே அண்ணன் கையெழுத்து இருந்தது. தன் சொந்த வீட்டையும் சேர்த்து அவர் ஜாமீன் கொடுத்திருந்தார்.

"இதை ஏண்ணா சொல்லல? ஒரு போன் பண்ணியிருந்தா போதாதா?"

அவர் பதில் சொல்லவில்லை. அப்பா இறந்து 20 நாளாகியும் அழாதவர் அன்றைக்குத்தான் அழுதார் என்று அம்மா பிறகு சொன்னார். அந்த மாதச் சம்பளத்துக்குத் தங்கை 6 லட்சம், தம்பி 8 லட்சம் போட்டார்கள். கடனாகத்தான், எழுதி வைத்துக்கொண்டுதான். மறுவாரம் மூவரும் அம்மாவும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்தோடு மூத்தவர் வங்கிக்குப் போனார். ஒரு பிள்ளை தனியாகப் போய் நிற்பதற்கும் எல்லா வாரிசுகளின் சம்மதத்தோடு போய் நிற்பதற்கும் வங்கியில் கிடைக்கும் பதிலே வேறு. மூத்தவர் பெயரில் ஜிஎஸ்டி பதிவு புதிதாக எடுத்து, கணக்கை மாற்றி, கடன் வரம்பைப் புதுப்பிக்க சில வாரங்கள் ஆயின. பவுண்டரி ஒருநாளும் நிற்கவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியம் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் அவருடைய தாய் என எல்லோருக்கும் சமமாகப் போகும். இந்தக் குடும்பத்தில் நான்கு பங்கு. "நூறு பவுன் போட்டு, கார் வாங்கிக் கொடுத்துக் கட்டிக்கொடுத்தோமே" என்ற பேச்சு ஒவ்வொரு குடும்பத்திலும் வரும். சீர் கொடுத்ததை சட்டம் பங்கில் கழிக்காது. பூர்வீகச் சொத்திலும் மகள் பிறப்பாலேயே பங்குதாரர். 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கில்லை என்ற பழைய தமிழ்நாட்டுத் திருத்தத்தை இன்னும் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த வேறுபாடு இல்லை. 2005-க்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பிரித்து முடித்த சொத்துகளை மட்டும் அது கலைக்காது.

நாமினி விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வங்கி டெபாசிட்டில் நாமினி என்றால் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். கம்பெனிப் பங்குகளுக்கும் (ஷேர்) அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் நிலை வேறு. அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்த் தம்பிக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் குற்ற உணர்வு அதிகம். கடைசியாக அப்பாவோடு பேசியது எப்போது என்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள், அது எப்போது கோபமாக மாறும் என்று அவர்களுக்கே தெரியாது. அவரிடம் கணக்கெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தோம். எல்லா சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று எடுத்தார். கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்களைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் அப்பா பெயரைப் போட்டுத் தேடினார். பத்து வருடம் யாரும் கேட்காத டெபாசிட்கள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். இரண்டு பழைய டெபாசிட்கள் கிடைத்தன. ஏழு வருடம் டிவிடெண்ட் வாங்காத கம்பெனிப் பங்குகளும் இதேபோல் அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போகும், அவற்றையும் மீட்கலாம். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அவர் ஒரு பக்கக் கணக்கை வாட்ஸ்ஆப்பில் போடுவார். எந்தச் செய்தியும் நால்வருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும் என்பது மட்டும்தான் அவர்கள் வைத்துக்கொண்ட விதி.

நகை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்து ஏக்கரைப் பத்து நிமிடத்தில் விட்டுக்கொடுத்தவர்கள், அம்மாவின் ஒரு அட்டிகைக்காக ஆறு வருடம் பேசாமலிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வேறொரு குடும்பம் அது. மூத்த மருமகள் அட்டிகையைப் பத்திரப்படுத்த எடுத்து வைத்தார். மகள் அதைத் திருட்டு என்றார். எடைக்கு எடை பணம் தருகிறேன் என்றார் அண்ணன், அங்கேதான் தப்பு நடந்தது. தங்கை கேட்டது தங்கத்தை இல்லை. கல்யாணத்தன்று அம்மா கழுத்தில் பார்த்த அந்தப் பொருளைக் கேட்டார். கைக்கடிகாரம், ஸ்கூட்டர், அப்பா எழுதிய டைரி, பூஜை அறைக் குத்துவிளக்கு எல்லாம் இந்த ரகம்தான். இவற்றைத் தனியாகப் படம் எடுத்து வையுங்கள். முதல் திவசம் வரை எதையும் இடம் மாற்றாதீர்கள். பிறகு ஒவ்வொருவரும் எது வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்லட்டும். காரணத்தைக் கேட்ட பிறகு பெரும்பாலானவர்கள் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

அம்மாவை மறந்துவிடுவது இன்னொரு வழக்கம். "எனக்கெதுக்குக் கண்ணு" என்று அவர் சொல்வதை வைத்து எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் ஆயுள்வரை இருக்கும் உரிமையும், அவர் பெயரில் மாதம் வரும் ஒரு வருமானமும் காகிதத்தில் இருந்தே ஆக வேண்டும். இதில் நான் யாருக்காகவும் இறங்கி வருவதில்லை.

இரண்டு வருடத்துக்குச் சொத்தைப் பிரிப்பதில்லை என்று அந்த மூவரும் முடிவு செய்தார்கள். கட்டட வாடகை முழுவதும் கடனுக்குப் போகும். மூத்தவர் பவுண்டரியை நடத்துவதற்கு மாதச் சம்பளம் எடுத்துக்கொள்வார், அது பங்கில் சேராது. இந்தச் சம்பள விஷயம் முக்கியம். உழைக்கும் பிள்ளைக்குக் கூலி தனியாக இல்லையென்றால், அவர் பங்கில் கூடுதலாகக் கேட்பார், மற்றவர்கள் ஏமாற்றுகிறார் என்பார்கள், இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். வாய்மொழியாகச் செய்துகொள்ளும் குடும்ப ஏற்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லியிருக்கிறது. பேசி முடித்ததை நினைவுக்காக எழுதி வைத்தால் பதிவு தேவையில்லை. எழுதும் காகிதமே அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்குகிறதென்றால் பதிவு கட்டாயம். எழுதும் முன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். குடும்பத்துக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு, வெளியாருக்கு விற்பதுபோல் 7 சதவீத முத்திரைத் தீர்வை கிடையாது. ஒரு உச்சவரம்புக்குள் முடிந்துவிடும்.

ஏற்கெனவே நீதிமன்றம் போய்விட்டவர்களும் தாமதமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லிருந்தே சமரச மையம் இயங்குகிறது, மாவட்டங்களிலும் உண்டு. அங்கே பேசித் தீர்த்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தங்களுக்குள் தனியாகப் பேசி முடித்தாலும் திரும்பப் பெறலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய இடங்களிலும் இதைப் பார்த்திருக்கிறோம். ரிலையன்ஸ் நிறுவனர் திருபாய் அம்பானி 2002-இல் உயில் இல்லாமல் இறந்தார். 2005-இல் அம்மா கோகிலாபென் முன்னிலையில் மகன்கள் முகேஷும் அனிலும் தொழிலைப் பிரித்தார்கள், அதற்குப் பிறகும் இருவர் நிறுவனங்களுக்கும் இடையே எரிவாயு வழக்கு 2010 வரை உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. ஆனாலும் 2019-இல் எரிக்சன் நிறுவனத்துக்குத் தம்பி அனில் தரப்பு கட்ட வேண்டிய பாக்கிக்கு அண்ணன் முகேஷ் கைகொடுத்தார், தம்பி வெளிப்படையாக நன்றி சொன்னார்.

இதைப் படிக்கும் அப்பா, அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். பங்கு பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். கடனையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டு வருடம் கழித்து அந்தக் குடும்பம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தது. பவுண்டரி மூத்தவருக்கு, கட்டடம் தங்கைக்கும் தம்பிக்கும், வீடு அம்மாவுக்கு. தென்னந்தோப்பை மட்டும் பிரிக்க வேண்டாம் என்று அம்மா கேட்டார். அது இன்றைக்கும் நால்வர் பெயரில்தான் இருக்கிறது, கணக்கு தங்கை கையில். அந்த வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து என்னை இன்னும் எடுக்கவில்லை. போன வாரம் வந்தது: "இந்த வெட்டுக்கு 7,900 காய். மரம் ஏறினவங்களுக்குக் கொடுத்தாச்சு. மீதி நாலா பிரிச்சு அனுப்பிருக்கேன். அண்ணா, கெணத்து மோட்டார் காயில் போயிருச்சு, வந்து பாரு."