ஹாஃப்மன் அன்று அரங்கில் இல்லை

இந்த மாதத்தில் இது மூன்றாவது. பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808-இல் முதன்முதலாக ஒலித்ததாம், அரங்கில் இருந்த விமர்சகர் ஹாஃப்மன் மெய்சிலிர்த்துப்போனாராம், மறுநாளே பத்திரிகையில் எழுதித் தள்ளினாராம். இப்படித் தொடங்கும் கட்டுரை ஒன்று சரிபார்க்க என் மேசைக்கு வந்திருக்கிறது. இசை வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்துவதுதான் என் வேலை. ஒரே பிழையை அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது.

அந்த நிகழ்ச்சி 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் நடந்தது. நான்கு மணி நேரம், கடுங்குளிர், போதாத ஒத்திகை. ஹாஃப்மன் அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஜெர்மன் ஊரான பாம்பர்க்கில் வேலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அவருடைய விமர்சனம் 1810 ஜூலையில் லைப்சிக் பத்திரிகையான அல்கமைனே மூசிகாலிஷே சைட்டுங்கில் வந்தது. அதுவும் பெயர் போடாமல்.

விமர்சனம் என்றாலே நேற்றுக் கேட்ட கச்சேரியைப் பற்றியது என்று நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை 1810-க்குக் கொண்டுபோகாதீர்கள். அன்று இசைத்தட்டு கிடையாது. இசை வேண்டுமென்றால் அச்சிட்ட இசைக்குறிப்பை வாங்கி, வீட்டுப் பியானோவில் தாமே வாசிக்க வேண்டும். அதனால் அந்தப் பத்திரிகையின் பெரிய விமர்சனங்கள் புத்தக மதிப்புரை மாதிரி: புதிதாக அச்சான தாள்களை முன்னால் வைத்து, வரிகளை எடுத்துக்காட்டி, அலசி எழுதுவது. ஹாஃப்மன் செய்ததும் அதுதான். அந்த சிம்பொனியை 1809-இல் அச்சிட்டது பிரைட்காப் ஹார்ட்டெல் பதிப்பகம். பத்திரிகையும் அவர்களுடையதே.

அப்படியென்றால் எல்லாம் காசுக்குப் பாடிய பாட்டா என்று உடனே கேட்பார்கள். இல்லை. 1799-இல் பெத்தோவனின் வயலின் சொனாட்டாக்களை இதே பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. உங்கள் விமர்சகர்கள் இன்னும் கவனமாக எழுதட்டும் என்று 1801-இல் பெத்தோவன் அதே பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார்.

கச்சேரியைக் கேட்டுவிட்டு நாளிதழில் எழுதும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் வலுத்தது. பாரிஸில் பெர்லியோஸ், லண்டன் டைம்ஸில் டேவிசன், வியன்னாவில் ஹான்ஸ்லிக். இங்கே வேறொரு தொல்லை. 1881-இல் சைகோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோவை ஹான்ஸ்லிக் வசைபாடிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, உலகமே அதை நிராகரித்தது என்று முடித்துவிடுகிறார்கள். அது ஒருவருடைய தீர்ப்பு. அன்று வாசித்த பிராட்ஸ்கி அடுத்த ஆண்டே லண்டனில் அதை மறுபடி வாசித்தார்.

தயவுசெய்து, மேற்கோளை ஒட்டும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் தேதி. அப்புறம் பத்திரிகையின் முதலாளி யார், அவர் இசைக்குறிப்பும் விற்றாரா? எழுதியவர் கேட்டு எழுதினாரா, படித்து எழுதினாரா? கையெழுத்துப் பெயர் நிஜமான பெயர்தானா? இசையமைப்பாளர் ஷூமன் 1834-இல் தொடங்கிய பத்திரிகையில் ஃபுளோரஸ்டான், யூசேபியஸ் என்று இருவர் வாதாடுவார்கள். இரண்டும் அவரே. "ஃபுளோரஸ்டான் என்ற விமர்சகர் ஷூமனை மறுத்தார்" என்று எழுதி வந்த கட்டுரையையும் நான் திருத்தியிருக்கிறேன். மேற்கோள் தொகுப்பிலிருந்து மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். முழு விமர்சனத்தையும் தேடிப் படியுங்கள்.

சரி, மேசையில் இருந்த கட்டுரையில் "மறுநாளே" என்பதை அடித்து, "ஒன்றரை ஆண்டு கழித்து" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.