சொல் விளக்கம்: இம்பெராத்தோர்

'எம்பரர்' என்ற ஆங்கிலச் சொல் இலத்தீனின் 'இம்பெராத்தோர்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அகராதியில் தேடினால் 'பேரரசர்' என்று கிடைக்கும். ஆனால் உரோமக் குடியரசுக் காலத்துக்கு அந்தப் பொருளைப் போட்டால் வரலாறே புரண்டுவிடும். கி.மு. 51இல் சிலிசியா மாகாணத்தை ஆண்ட உரோம அரசியல்வாதி சிசெரோ ஒரு மலைப்போரில் வென்றார். படைவீரர்கள் அவரை 'இம்பெராத்தோர்' என்று முழங்கினார்கள். அதன்பின் அவர் கடிதங்களின் தலைப்பில் பெயரை அடுத்து 'இம்ப்.' என்று சேர்த்துக்கொண்டார். அதைப் 'பேரரசர் சிசெரோ' என்று பெயர்ப்பது பெரும்பிழை. 'வெற்றித் தளபதி சிசெரோ' என்பதே சரி.

வேர் 'இம்பெராரே', அதாவது ஆணையிடுதல். அதிலிருந்து பிறந்த 'இம்பெரியம்' படை நடத்தவும் தண்டனை விதிக்கவும் சட்டம் தந்த அதிகாரம். தமிழில் 'ஆணையதிகாரம்' எனலாம். குடியரசு இதற்குப் பல கடிவாளங்கள் போட்டிருந்தது. தலைமை ஆட்சியாளர்களான கான்சல்கள் இருவர், பதவி ஓராண்டு, ஒருவர் முடிவை மற்றவர் தடுக்கலாம். ஒவ்வொருவர் முன்னும் 12 காவலர்கள் கோடரி செருகிய கோல்கட்டு ஏந்திச் செல்வார்கள். நகருக்குள் அந்தக் கட்டிலிருந்து கோடரியை எடுத்துவிட வேண்டும். மரண தண்டனையை எதிர்த்து மக்களிடம் முறையிடக் குடிமகனுக்கு உரிமை உண்டு என்பதற்கான அடையாளம் அது. மாகாணத்திலிருந்து திரும்பும் ஆளுநர் 'பொமேரியம்' என்ற புனித நகர எல்லையைத் தாண்டினாலே அவருடைய ஆணையதிகாரம் போய்விடும். வெற்றி ஊர்வலம் வேண்டுமென்றால், அனுமதி கிடைக்கும்வரை எல்லைக்கு வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் கடிவாளங்களைத்தான் ஜூலியஸ் சீசரின் வாரிசான ஆக்டேவியன் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கி.மு. 38 வாக்கில் 'இம்பெராத்தோர்' என்பதைத் தம் முதற்பெயராகவே ஆக்கிக்கொண்டார். போரில் வென்றவருக்குக் கிடைத்துவந்த பட்டம் ஒருவரின் பெயரானது. கி.மு. 27 ஜனவரியில் அதிகாரத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். செனட்டோ ஸ்பெயின், கால் (இன்றைய பிரான்ஸ் பகுதி), சிரியா ஆகிய மாகாணங்களைப் பத்தாண்டுகளுக்கு அவரிடமே ஒப்படைத்து, 'அகஸ்டஸ்' என்ற பெயரும் சூட்டியது. பெரும்பாலான படையணிகள் இருந்தது அங்கேதான். கி.மு. 23இல் கான்சல் பதவியை விட்டார். பதிலுக்கு 'டிரிப்யூன்' என்ற மக்கள் காப்பாளரின் அதிகாரம் வாழ்நாள் முழுக்கக் கிடைத்தது. அவருடைய ஆணையதிகாரம் மற்ற ஆளுநர்களுடையதை விட மேலானதாயிற்று. நகர எல்லையைத் தாண்டினாலும் அது நீங்காது. மாற்றத்தின் உயிர்நாடி இந்தக் கடைசிச் சலுகைதான் என்பேன். அரசன் என்ற பொருளுடைய 'ரெக்ஸ்' என்ற சொல்லை உரோமர் வெறுத்தார்கள். அதைத் தொடாமலே காரியம் முடிந்தது.

கி.பி. 22இல் தளபதி ஜூனியஸ் பிளேசஸ் 'இம்பெராத்தோர்' பட்டம் பெற்றார். ஆட்சிக் குடும்பத்துக்கு வெளியே அதைப் பெற்ற கடைசி ஆள் அவரே. வெஸ்பாசியன் கி.பி. 69இல் ஆட்சிக்கு வந்தபின், அது ஆட்சியாளரின் நிலையான முதற்பெயராயிற்று. அதுமுதல் 'பேரரசர்' என்று தயங்காமல் எழுதலாம்.

வேர்ப்பொருளை ஒட்டி 'ஆணையர்' என்று ஆக்குவது பொருந்தாது. அது இன்று மாநகராட்சி அதிகாரியைக் குறிக்கிறது. அகஸ்டஸ் தமக்கு விரும்பிய 'பிரின்கெப்ஸ்' என்பதற்கு 'முதல்வர்' என்பதிலும் அதே சிக்கல். 'முதற்குடிமகன்' நன்றாகப் பொருந்தும்.

கொங்குப் பகுதியில் புதையலாகக் கிடைத்த, அகஸ்டஸுக்குப் பின் ஆண்ட டைபீரியஸின் வெள்ளிக் காசுகளைப் பற்றி எழுதுவோருக்கு ஒன்று. அவற்றில் மிகுதியாகக் காணப்படும் வகையின் முகப்பில் 'இம்ப்.' என்ற சொல்லே கிடையாது. 'தெய்வ அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்' என்பதே அதிலுள்ள வாசகம். பின்புறத்தில் 'தலைமைக் குரு' என்றிருக்கும். வாசகத்தைப் பெயர்க்கும்போது 'பேரரசர்' என்று சேர்க்க வேண்டாம்.