நாற்பதில் நர்சிங்: ப்ரீரெக் பாடங்களுக்கு அமெரிக்க அரசின் பணம் யாருக்குக் கிடைக்கும்?

அமெரிக்காவில் நர்சிங் படிக்கலாமா என்று யோசிக்கும் நம்மவர்கள் முதலில் தயங்குவது வயதை நினைத்துத்தான். நாற்பது தாண்டிவிட்டதே, சேர்த்துக்கொள்வார்களா? சேர்த்துக்கொள்வார்கள். மத்திய அரசின் நிதி பெறும் படிப்புகளில் வயதைச் சொல்லி ஆளை ஒதுக்குவதை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அரசு உதவித்தொகைக்கும் மேல்வயது வரம்பு கிடையாது. இடிப்பது வேறொன்று: ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டம்.

நர்சிங்குக்கு விண்ணப்பிக்கும் முன் அனாடமி-ஃபிசியாலஜி இரண்டு பகுதி, மைக்ரோபயாலஜி, புள்ளியியல், சைக்காலஜி, ஆங்கிலம் என்று சில பாடங்களை முடித்திருக்க வேண்டும். ப்ரீரெக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அறிவியல் பாடம் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கும். இருபது வருடத்துக்கு முந்தைய சுவாலஜி மார்க் அங்கே செல்லாது.

பணம் கேட்கும் வழி ஃபாஃப்சா, அதாவது அரசுக் கல்வி உதவிக்கான விண்ணப்பப் படிவம். கட்டணம் இல்லை. குடியுரிமை, கிரீன் கார்டு, அகதித் தகுதி உள்ளவர்கள் போடலாம். எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் படிக்கலாம், ஆனால் இந்த உதவி வராது. 24 வயது நிரம்பியிருந்தாலோ திருமணம் ஆகியிருந்தாலோ பெற்றோர் வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். ஆனால் கணவர் அல்லது மனைவியின் சம்பளம் சேரும், அதுவும் இரண்டு வருடம் முந்தைய வரிக்கணக்கிலிருந்து. நடுவில் வேலை போயிருந்தால் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் ஆதாரத்தோடு சொல்லுங்கள். கணக்கை மாற்றிப் பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

இந்தப் படிவத்தில் ஒரு கேள்வி வரும்: கல்வியாண்டு தொடங்கும்போது உங்கள் கையில் முதல் இளநிலைப் பட்டம் இருக்குமா? கோவையில் பி.காம். முடித்துவிட்டு வந்த ஒருவர், 'அது இந்தியப் பட்டம்தானே' என்று 'இல்லை'யைத் தட்டப் பார்ப்பார். தட்டக் கூடாது. வெளிநாட்டுப் பட்டமும் பட்டம்தான். இங்குள்ள கல்லூரி அதை மதிக்காவிட்டாலும் பொதுவாகக் கணக்கில் வரும். அதோடு பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை கைவிட்டுப் போகும். 2025–26-இல் அது வருடத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். படிப்பை மதிக்காத இடத்திலும் பட்டத்தை மட்டும் எண்ணுகிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படித்தான்.

பட்டம் இல்லாதவர்களுக்கு, குடும்ப வருமானமும் குறைவாக இருந்தால், பெல் நன்றாகவே உதவும். ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் அளவைச் சொல்லும் கிரெடிட் எண் உண்டு. பாதி நேரம், அதாவது செமஸ்டருக்கு 6 கிரெடிட் எடுத்தால் பாதித் தொகை: முழுத் தகுதி உள்ளவருக்கு செமஸ்டருக்குச் சுமார் 1,850 டாலர். டென்னசி, மிச்சிகன் போன்ற மாநிலங்கள் பட்டம் இல்லாத பெரியவர்களின் கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) கட்டணத்தை 'ரீகனெக்ட்' திட்டத்தில் ஏற்கின்றன. இதற்கும் ஃபாஃப்சா போட்டிருக்க வேண்டும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். 'ப்ரீ-நர்சிங்' என்பது பல கல்லூரிகளில் வெறும் பெயர்தான், பட்டப் படிப்பு அல்ல. சேரும்போது உங்கள் பெயர் எந்தப் பட்டத்தின் கீழ் பதிவாகிறது, எடுக்கும் பாடம் அந்தப் பட்டத்துக்குக் கணக்காகுமா என்று கேளுங்கள். கணக்காகாத பாடத்துக்கு உதவி இல்லை. அப்புறம், 15 வார செமஸ்டரில் ஒன்பதாவது வாரத்துக்குள் எல்லாப் பாடங்களையும் விட்டு விலகினால், வாங்கிய உதவியில் ஒரு பகுதி திரும்பிப் போகும். அனாடமி லேபைக் கண்டு மிரண்டு ஐந்தாவது வாரத்தில் ஓடிவிட்டால் கல்லூரி உங்களுக்கே பில் அனுப்பலாம்.

சரி, பட்டம் உள்ளவர்கள்? அவர்களுக்குக் கடன் இருக்கிறது. நர்சிங் பட்டப் படிப்பில் சேரத் தேவையான பாடங்கள் இவை என்று கல்லூரி ஆவணப்படுத்தினால், எந்தப் பட்டத்தின் கீழும் பதியாமலே அரசுக் கடன் வாங்கலாம். உச்சவரம்பு 8,625 டாலர். அதில் 2,625-க்குத்தான், அதுவும் வருமானத் தேவை இருந்தால்தான், படிக்கும் காலத்து வட்டியை அரசு கட்டும். 2026 ஜூலை 1 முதல் முழு நேரத்துக்குக் குறைவாகப் படித்தால் கடன் வரம்பும் அந்த அளவுக்குக் குறைகிறது. பட்டத்தின் கீழ் பதியாமல் ப்ரீரெக்குக்குக் கடன் வாங்கும் இந்தச் சலுகை தொடர்ச்சியான 12 மாதங்களுக்கு ஒரே ஒரு முறைதான். செமஸ்டருக்குக் குறைந்தது 6 கிரெடிட் வேண்டும். அனாடமி முதல் பகுதி பெரும்பாலும் 4 கிரெடிட், அதை மட்டும் எடுத்தால் கடன் இல்லை. கூடவே 3 கிரெடிட் புள்ளியியல் வைத்தால் 7, போதும். என்னைக் கேட்டால், சைக்காலஜி, ஆங்கிலம் போன்றவற்றைக் கைக்காசில் ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, அறிவியல் பாடங்கள் தொடங்கும் செமஸ்டரில் அந்த 12 மாதக் கடிகாரத்தை ஓட விடுவேன். பழைய மார்க்கை உயர்த்த மட்டுமே எடுக்கும் பாடம் இதில் சேராது.

கைக்காசில் கட்டியதும் முழுக்கப் போய்விடாது. லைஃப்டைம் லேர்னிங் என்ற வரிச்சலுகையில், கட்டிய ட்யூஷனில் 20 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர், வரியில் கழியும். ஏற்கெனவே பட்டம் இருந்தாலும், ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் உண்டு. தம்பதியாகக் கணக்குக் காட்டுபவர்களுக்கு வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டினால் குறையத் தொடங்கி 1,80,000-இல் நின்றுவிடும். ஜனவரி மாதம் கல்லூரி அனுப்பும், ட்யூஷன் விவரம் உள்ள 1098-டி படிவத்தை எடுத்துவைத்து, வரிக்கணக்கோடு இந்தச் சலுகையைக் கேட்கும் 8863 படிவத்தைச் சேர்த்து அனுப்புங்கள்.