வலி குறைந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்

இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் ஓட்டையாகி வருகிறவர்களிடம் வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால், பலரும் நேரத்தையே சொல்லிவிடுவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு, பஸ் ஏறும்போது, இப்படி. மேல்வயிற்றில் சுரீரென்று கத்தியால் குத்தினாற்போல் ஆரம்பித்து வயிறு முழுக்கப் பரவும், சிலருக்குத் தோள்பட்டையிலும் வலிக்கும். கல்லடைப்பு வந்தவர் புரண்டு துடிப்பார். புண் ஓட்டையானவரோ அசையவே பயந்து படுத்திருப்பார், வயிற்றில் கை வைத்தால் பலகை மாதிரி இருக்கும்.

எனக்குப் பயம் அதற்கப்புறம் வரும் சில மணி நேரம்தான். கொட்டிய அமிலத்தோடு வயிற்றறையில் ஊறும் நீரும் கலந்து அதன் காரம் குறைவதால், வலி கொஞ்சம் தணிகிற மாதிரி இருக்கும். உள்ளே கிருமித்தொற்று ஏறிக்கொண்டே இருக்கும். மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் கடையில் டைக்ளோஃபினாக் (இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடிய வலி மாத்திரை) வாங்கிச் சாப்பிட்ட ஒரு கொத்தனார், காலையில் வந்த வலி மதியம் சோடா குடித்ததும் அடங்கிவிட்டதென்று நம்பி மறுநாள்தான் வந்தார். நாடி 130, ரத்த அழுத்தம் விழுந்திருந்தது.

வயிற்று வலிக்கு ஏன் நெஞ்சு எக்ஸ்ரே என்று சிலர் கோபப்படுவார்கள். ஓட்டை வழியாக வெளியேறிய காற்று மேலே ஏறி நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு அடியில் கருப்புப் பிறையாகத் தெரியும். அதனால்தான் பத்து நிமிடமாவது நிமிர்ந்து உட்காரவைத்துவிட்டு, நின்ற நிலையில் படம் எடுக்கச் சொல்கிறோம். உட்கார முடியாதவரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து எடுக்கலாம். ஆனால் ஓட்டை இருந்தும் காற்று தெரியாத எக்ஸ்ரேக்கள் நிறைய உண்டு, "எக்ஸ்ரே நார்மல்" என்று அனுப்பிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன். கணைய அழற்சியா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை, மாரடைப்பை ஒதுக்க ஒரு இ.சி.ஜி. பேரியம் மட்டும் குடிக்கக் கொடுக்கக் கூடாது, அது வயிற்றறைக்குள் கசிந்தால் அழற்சி இன்னும் மோசமாகும்.

வயதானவர்களும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் வேறு மாதிரி. வயிறு இறுகாது, காய்ச்சலும் இருக்காது, சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பார்கள், அவ்வளவுதான். இவர்களுக்கு நான் சீக்கிரமே சி.டி. கேட்டுவிடுவேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இப்படித் திடீர் வலி என்றால் வீட்டில் சோடா, கஷாயம், தண்ணீர் எதுவும் கொடுக்காமல் கூட்டி வாருங்கள், அவர் சாப்பிட்டுவந்த மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள். அந்தக் கொத்தனாரின் சட்டைப் பையில் பாதி தீர்ந்த அட்டை ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததுமே எங்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.