வழிப்பாடல்: ‘கவர் சாங்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

1978 ஏப்ரலில் அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சன் ‘ஸ்டார்டஸ்ட்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். பத்துப் பாடல்கள். ஒன்றுகூட அவர் எழுதியதில்லை. எல்லாம் அவருக்கு முன்பே பலர் பாடி, அமெரிக்க வீடுகளில் மனப்பாடமாகிப்போன பழைய பாடல்கள். இத்தகைய தொகுப்பை ஆங்கிலத்தில் ‘கவர்ஸ் ஆல்பம்’ என்பார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடுகிறது. ‘கவர்’ என்றால் நமக்கு அஞ்சல் உறையும் புத்தக அட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. உறைப்பாடல் என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது.

இந்தப் பொருளில் ‘கவர்’ என்ற சொல் இசைத்தட்டு வியாபாரத்தில் பிறந்தது. ஒரு நிறுவனத்தின் தட்டு நன்றாக விற்கத் தொடங்கினால், போட்டி நிறுவனம் அதே பாடலைத் தன் பாடகரைக்கொண்டு பாடவைத்து உடனே கடைக்கு அனுப்பும். சந்தையை அவன் மட்டும் அள்ளிக்கொண்டு போகாதபடி தன் பங்குக்கும் ஓர் இடத்தைப் பிடித்து வைப்பதுதான் அந்தக் ‘கவர்’. ஆகவே அன்றைய பொருளுக்குப் போட்டிப் பதிவு என்பதே சரியான தமிழ். 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமும் இதற்கு வழி விட்டது. ஒரு பாடல் உரிமையாளரின் இசைவோடு ஒருமுறை பதிவாகிவிட்டால், பிறகு யாரும் அதைப் பதியலாம். தட்டின் படி ஒன்றுக்கு அன்று இரண்டு சென்ட் கட்டினால் போதும்.

அந்தப் பணம் பாடலை இயற்றியவருக்கும் பதிப்பாளருக்கும் போகும். முதலில் பாடியவருக்குப் பாடியதற்காக எதுவும் வராது. 1955இல் ஃபேட்ஸ் டோமினோ பாடிய ‘எயிண்ட் தட் எ ஷேம்’ பாடலை, அதே ஆண்டில் பேட் பூன் பாடி அமெரிக்காவின் பொது (பாப்) விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். டோமினோ கறுப்பினத்தவர், பூன் வெள்ளையர். வெள்ளையரின் வானொலி நிலையங்கள் பல கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளை ஒதுக்கிவைத்த காலம் அது. டோமினோ அந்தப் பாடலை எழுதியவர்களில் ஒருவராதலால் அவருக்கு எழுத்துப் பங்காவது கிடைத்தது. வெறும் குரலை மட்டும் தந்தவர்கள் நிலைமை வேறு. இந்தக் கசப்பு அந்தச் சொல்லின் அடியில் இன்னும் கிடக்கிறது.

பின்னர் பொருள் மாறியது. பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடலை எத்தனை ஆண்டு கழித்துப் பாடினாலும், போட்டிக்காக அல்லாமல் அன்பினால் பாடினாலும், அதுவும் ‘கவர்’ என்றாயிற்று. நெல்சனின் தொகுப்பு இந்த இரண்டாம் பொருளைச் சேர்ந்தது. மெம்ஃபிஸ் நகரின் சோல் என்னும் கறுப்பின இசையில் ஆர்கன் வாசித்துப் பெயர் பெற்ற புக்கர் டி. ஜோன்ஸ், கலிஃபோர்னியாவின் மாலிபுவில் நெல்சனுக்கு அண்டை வீட்டுக்காரராக இருந்தார். ‘மூன்லைட் இன் வெர்மான்ட்’ என்ற பாடலுக்கு மட்டும் இசைக்கோவை அமைத்துத் தரும்படி நெல்சன் கேட்டார். செய்து கொடுத்தது பிடித்துப்போகவே, முழுத் தொகுப்பையும் தயாரிக்கும் பொறுப்பை ஜோன்ஸிடமே ஒப்படைத்தார். கன்ட்ரி பாடகர் பழைய நகரத்துப் பாட்டுகளைப் பாடினால் யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்தார் தயங்கினார்கள். அந்தத் தொகுப்போ ‘பில்போர்டு’ என்ற இசைத்துறை இதழின் கன்ட்ரி விற்பனைப் பட்டியலில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இருந்தது.

இங்கே ஒரு சொல்லையும் சரிசெய்துவிட வேண்டும். கன்ட்ரி இசையை நாட்டுப்புற இசை என்று எழுதுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அதற்கு நாட்டுப்புற வேர்கள் உண்டு. ஆனால் ஆசிரியர் பெயரும் ஒப்பந்தமும் விற்பனைப் பட்டியலும் உடைய தொழில்முறை இசை அது. கன்ட்ரி இசை என்றே எழுதலாம்.

அந்தப் பத்தில் ஒரு பாடலை மட்டும் அருகில் வைத்துக் கேளுங்கள்: ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’. ஹோகி கார்மைக்கேல் மெட்டமைத்து 1930இல் வந்தது. 1960இல் ரே சார்லஸ் வயலின் கூட்டமும் குழுக்குரலும் சூழப் பாடியதே உலகம் அறிந்த வடிவம். நெல்சன் அதைத் தம் நைலான் கம்பிக் கிட்டாரின் அருகில் கொண்டுவந்து வைக்கிறார். மீட்டி மீட்டி மரப்பலகையே தேய்ந்து ஓட்டை விழுந்த கிட்டார் அது. தாளம் விழுந்த பிறகு சற்றுப் பிந்தியே சொல் வருகிறது. பேச்சுக்கு நடுவே யோசித்துச் சொல்பவரைப் போல. மிக்கி ரஃபேலின் மவுத் ஆர்கன் நீண்ட மூச்சாக இடையில் வந்து போகிறது. மெட்டும் சொற்களும் பழையவை, பாடுகிறவருடைய மூச்சு மட்டும் புதிது. இதைப் போலி என்றோ நகல் என்றோ சொல்ல மனம் வருமா?

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? மறுபாடல் என்றால் அதே பாடகர் மீண்டும் பாடியதாகவும் தோன்றும். மறுஆக்கம் திரைப்படத்துக்குப் போய்விட்டது. வர்ணமெட்டு என்று நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலையில் அச்சிட்டிருப்பார்கள். அங்கே மெட்டு பழையது, சொற்கள் புதியவை. நாம் தேடுவது சொல்லும் மெட்டும் இரண்டுமே பழையதாக இருக்கும் ஒன்றை.

எனக்குப் பொருத்தமாகப் படும் சொல் வழிப்பாடல். தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் வழிநூலுக்கு இப்படி இலக்கணம் சொல்கிறார்:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்

முன்னவர் முடிபோடு முழுதும் ஒத்துப்போக வேண்டும், பின்னவன் தான் விரும்பும் வேறுபாட்டையும் காட்ட வேண்டும், மரபு அழியக் கூடாது. நெல்சன் ஜார்ஜியாவைப் பாடியது இந்த மூன்றுக்குள்ளும் அடங்குகிறது. ‘வழி’ என்ற சொல்லில் இழிவு இல்லை. இன்னாரிடமிருந்து வந்தது என்ற நன்றி இருக்கிறது. டோமினோக்களுக்கு அன்று மறுக்கப்பட்டதும் அந்த நன்றிதான். முதலில் பதிவானதை முதற்பாடல் எனலாம். பாடலைச் சுட்டாமல் ஒலிப்பதிவை மட்டும் சுட்ட வேண்டிய இடத்தில் வழிப்பதிவு. நெல்சனின் ‘ஸ்டார்டஸ்ட்’ ஒரு வழிப்பாடல் தொகுப்பு.

எல்லா மறுபாடுதலும் வழிப்பாடல் ஆகிவிடாது. தியாகராசர் கிருதியைக் கச்சேரியில் பாடுபவர் எவரையும் நாம் ‘கவர்’ பாடுகிறார் என்பதில்லை. அங்கே முதன்மை இயற்றப்பட்ட கிருதிக்குத்தான். முதல் குரல் என்று ஒன்று நம் காதில் தங்கியிருக்கவில்லை. இசைத்தட்டு ஒரு குரலைப் பிடித்து நிறுத்திய பிறகே முதற்பாடல், வழிப்பாடல் என்ற பேதம் பிறக்கிறது.

நெல்சனிடமே ஒரு சிக்கலான வழக்கு உண்டு. ‘கிரேஸி’ என்ற பாடலை எழுதியவர் அவர். 1961இல் பாடகி பேட்ஸி கிளைன் பாடி அதைப் புகழுச்சிக்குக் கொண்டுபோனார். 1962இல் வந்த தம் முதல் தொகுப்பில் நெல்சனும் அதைப் பாடினார். தட்டுகளின் வரிசைப்படி அவர் பிந்தியவர். ஆனால் நன்னூல் கேட்பது ‘பின்னோன்’ யார் என்பதை. பாடலை ஈன்றவர் அதற்குப் பின்னோன் ஆக மாட்டார். எனவே நெல்சன் பாடிய ‘கிரேஸி’யை வழிப்பாடல் என்று எழுதக் கூடாது.