உறைந்தும் படிகமாகாத உலோகம்

கண்ணாடி என்றால் மறுபுறம் தெரிய வேண்டாமா, உலோகத்தை எப்படி அப்படி அழைக்கலாம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒளி ஊடுருவுவதற்கும் ‘உலோகக் கண்ணாடி’ என்ற பெயருக்கும் தொடர்பில்லை. உருகிய நிலையில் ஒழுங்கின்றிக் கிடந்த அணுக்கள், வரிசையாக நின்று படிகமாகாமல், ஏறத்தாழ அப்படியே இறுகிவிட்டால், அந்தத் திடப்பொருள் கண்ணாடிதான்.

பொன் 1064 டிகிரி செல்சியசிலும் சிலிக்கான் 1414 டிகிரியிலும் உருகுபவை. தக்க விகிதத்தில் கலந்தாலோ ஏறத்தாழ 363 டிகிரி வரை குழம்பாகவே நிற்கும். 1960இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டூவேயின் குழு இத்தகைய கலவையை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவில் குளிர்வித்து, முதல் உலோகக் கண்ணாடியைப் பெற்றது. வெள்ளியும் செம்பும் ஒரே படிகத்தில் முழுமையாகக் கலக்குமா என்று பார்ப்பதற்காகத் தொடங்கிய முயற்சியின் வழியில் கிடைத்தது இது. ‘என்ன பயன்?’ என்பதையே முதல் கேள்வியாக வைக்கும் நிதிக் குழுக்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

படிகமாதலைத் தடுக்க ஏன் இவ்வளவு அவசரம்? குழம்பில் சில அணுக்கள் தற்செயலாக வரிசையில் நின்றால் அது ஒரு கரு. கருவின் உள்ளே ஆற்றல் குறைகிறது. ஆனால் அதன் மேற்பரப்பை உருவாக்க ஆற்றல் செலவாகிறது. ஆகவே சிறிய கருக்கள் கரைந்துபோகின்றன. வெப்பநிலை இறங்க இறங்க, பிழைப்பதற்குத் தேவையான கருவின் அளவு சுருங்குகிறது. அதே வேளையில் குழம்பு பாகாகி அணுக்களின் நடமாட்டமும் தளர்கிறது. உருகுநிலைக்கு அருகில் கால் இருந்தும் மனமில்லை, வெகு கீழே மனமிருந்தும் காலில்லை. இரண்டும் வாய்க்கும் இடைப்பகுதியில்தான் படிகம் மிக விரைவாக முளைக்கிறது. அந்தப் பகுதியை முளைப்பதற்குள் கடந்துவிட வேண்டும்.

கண்ணாடிக்குத் துணைநிற்கும் வடிவியல் ஒன்றும் உண்டு. ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்கள் இருபதுமுகியாக அமைந்தால், படிக அடுக்கைவிட இறுக்கமாகப் பிணைய முடியும் என்று 1952இல் இயற்பியலாளர் சார்ல்ஸ் பிராங்க் காட்டினார். ஆனால் ஒழுங்கான ஐங்கோண ஓடுகளால் தரையை இடைவெளியின்றிப் பாவ முடியாததுபோல, இருபதுமுகிகளாலும் வெளியை நிரப்ப முடியாது. படிகமாக வேண்டுமானால் அவை முதலில் கலைய வேண்டும். அளவில் வேறுபட்ட பல தனிமங்களைச் சேர்த்தால் அந்தக் கலைதல் இன்னும் கடினமாகிறது. 1993இல் பெக்கர், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் அறிவித்த, சிர்கோனியம் மிகுந்த ஐந்து தனிமக் கலவைக்கு நொடிக்கு ஒரு டிகிரி என்ற அளவிலான குளிர்விப்பே போதும்.

தடுக்கப்பட்ட படிகத்தைப் பின்னர் அளவோடு வளரவும் விடலாம். இரும்பு, சிலிக்கான், போரான் கண்ணாடி நாடாவில் சிறிது செம்பும் நியோபியமும் சேர்த்து, ஏறத்தாழ 550 டிகிரியில் சூடாக்கினால், செம்பணுக்கள் முதலில் திரண்டு இரும்புப் படிகங்களுக்கு முளையிடம் தருகின்றன. படிகத்திலிருந்து வெளியே தள்ளப்படும் நியோபியம் அவற்றைச் சுற்றித் தேங்கி, சுமார் 10 நானோமீட்டரிலேயே வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. அத்தனை சிறிய படிகங்கள் காந்தத் திசையை ஒவ்வொன்றும் தன் பக்கம் இழுக்க முயன்று ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால், அந்த நாடா மிக எளிதில் காந்தமாகி, அவ்வளவு எளிதில் அதை இழந்தும் விடுகிறது.